எந்தக் கையில் மோதிரம்

பழைய பொருள் சந்தைகளில் அந்த விளம்பரப் படம் இன்னும் கிடைக்கிறது. நீல உடையில் ஒரு பெண், மடியில் குண்டுக் குழந்தை, வலது கையில் நுரை ததும்பும் கறுப்பு பீர். கீழே ‘தாய்க்குத் தெம்பு, பிள்ளைக்குப் பால்’ என்று கொட்டை எழுத்து. வாங்குகிறவர்கள் அந்த முகத்தில் வழியும் தாய்மையைப் பற்றிப் பேசுகிறார்கள். முகம் டிம்ப்னா வான் ரீலுடையது. அப்போது அவளுக்குப் பிள்ளையும் கிடையாது, புருஷனும் கிடையாது. குழந்தையைத் தூக்கவே தெரியாது. தலையைத் தாங்காமல் தொங்கவிட்டாள். நான்தான் கையைப் பிடித்துச் சரியாக வைத்தேன்.

ஊர் மாஸ் ஆற்றுக்குத் தெற்குக் கரையில். வருடம் 1954. நான் பிரசவமான வீடுகளில் தங்கித் தாயையும் சேயையும் கவனிக்கும் வேலைக்குப் படித்தவள். அந்த வாரம் டிம்ப்னாவின் அக்கா யானா வீட்டில் இருந்தேன். அக்காவுடனேயே தங்கியிருந்த டிம்ப்னா ஊர் பீர் ஆலையில் பாட்டில் கழுவினாள். முதலாளி ஹப்ராகனுக்கு விளம்பரத்தில் அழகான ஒரு தாய் வேண்டும். அழகு டிம்ப்னாவிடம் இருந்தது, குழந்தை யானாவிடம் இருந்தது. இரண்டையும் சேர்த்துவிட்டார்.

வடக்கே ஹேக் நகரத்திலிருந்து ஓவியர் வந்தார். பச்சைக் குழந்தையை வெளியே கொண்டுபோக நான் விடவில்லை என்பதால் யானாவின் சமையலறையிலேயே வரைந்தார். பிறந்து சில நாளே ஆன சுருங்கிய முகத்தை அவர் நாலு மாதக் கொழுகொழுப் பிள்ளையாக மாற்றினார். அதைக்கூட மன்னிக்கலாம்.

“இந்த மோதிரம் கழட்டணுமா சார்?” என்று டிம்ப்னா கேட்டாள். “கழட்டச் சொன்னா எனக்குப் படமே வேணாம். வாரம் பூரா பாட்டில் கழுவுற சோடாக்காரத் தண்ணியில கை கிடக்கு, ஞாயித்துக்கிழமை ஒருநாள்தான் இதைப் போடுறேன்.”

“ஐயோ, இருக்கட்டும்மா! பிள்ளை வச்சிருக்கிற பொண்ணு கையில மோதிரம் இல்லாட்டி எப்படி?”

இருவருக்கும் திருப்தி. சமையலறையில் இருந்த யாருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

எங்கள் பக்கம் கத்தோலிக்கர்கள். நிச்சயமானால் மோதிரம் வலது கையில், கல்யாணத்தன்று இடது கைக்கு மாறும். ஆற்றுக்கு வடக்கே புரோட்டஸ்டண்டுகள். அவர்களுக்கு எல்லாம் நேர்மாறு. டிம்ப்னாவுக்கும் ஆலையின் லாரி ஓட்டும் டிரீக் ஸ்மல்டர்ஸுக்கும் நிச்சயமாகியிருந்தது, மே மாதம் கல்யாணம். ஓவியர் பார்த்ததை அப்படியே வரைந்தார். அவர் கண்ணுக்கு அவள் கல்யாணமானவள். எங்கள் ஊர்க் கண்ணுக்கோ, நிச்சயம் மட்டும் ஆன ஒருத்தி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பீர் குடிக்கிறாள்.

சனிக்கிழமை எல்லா மதுக்கடைகளிலும் படம் மாட்டினார்கள். ஞாயிறு பூசை முடிந்து ஆண்கள் கடைக்குள் நுழைந்ததும் சிரிப்பு தெரு வரை கேட்டது. இறைச்சிக் கடைக்காரர் வாசலில் நின்று கத்தினார்.

“டேய் டிரீக்கு! உங்க ஆலை பீர் இவ்ளோ வேகமா வேலை செய்யுதா? கல்யாணத்துக்கு முன்னாடியே பலன் கைமேல!”

“உன் பொண்டாட்டிக்கு ஒரு பெட்டி அனுப்புறேன், அங்கயும் வேலை செய்யுதான்னு பாரு” என்றான் டிரீக். பேசினானே தவிர முகம் வெளுத்திருந்தது.

டிரீக்கின் அம்மா கொர்னேலியா சிரிக்கிற ஆள் இல்லை. பூசைக்கு வந்த உடுப்பைக்கூட மாற்றாமல் யானா வீட்டுக்கு வந்து நின்றாள்.

“இந்த மாகாணம் பூரா சுவத்துல தொங்குறவ எனக்கு மருமகளா? கார்னிவல் வருது. கேலி ஊர்வலத்துல இவளைப் பொம்மை செஞ்சு வண்டியில ஏத்துவாங்க, பக்கத்துல என் மவனையும் ஏத்துவாங்க. கல்யாணம் இல்லைம்மா. அவ்ளோதான்.”

திங்கட்கிழமை பங்குச்சாமியார் ஹப்ராகனைப் பார்த்துப் பேசினார். ஹப்ராகன் படங்களைக் கழற்றச் சொன்னார். டிம்ப்னாவையும் சத்தம் அடங்கும் வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார். ஒரே நாளில் வேலையும் போய், மாப்பிள்ளையும் போகிற நிலைமை.

அன்று சாயங்காலம் டிரீக் வந்தான். அடுத்த வாரமே கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம், அம்மாவை விட்டுத் தள்ளு என்றான். நல்ல பையன், யோசனைதான் குறைவு.

“அடுத்த வாரமா?” என்றாள் டிம்ப்னா. “அப்புறம் ஊரே விரல்விட்டு எண்ணும். அவசரம் பாத்தியா, வயித்துல இருக்கிறதாலதான் அவசரம்னு சொல்லும். மே மாசம்னா மே மாசம்தான். வேணும்னா இரு, வேணாம்னா போ.”

அவன் போகவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு அடுப்பருகே உட்கார்ந்துவிட்டான்.

“அந்த ஓவியருக்குக் கண்ணு பிடரியிலயா சிஸ்டர்?” என்று அவள் என்னிடம் திரும்பினாள்.

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். “கண்ணு நல்லாத்தான் இருக்கு. அவரு வடக்கத்தி ஆளு. போன மாசம் ஆத்துக்கு அந்தப் பக்கம் ரெண்டு பிரசவம் பாத்தேன். அங்க பொண்டாட்டிங்க எல்லாருக்கும் வலது கையிலதான் மோதிரம்.”

 டிம்ப்னா கோட்டை மாட்டிக்கொண்டு நேராக ஹப்ராகன் வீட்டுக்குப் போனாள். படங்களை எரிக்காதீர்கள், அந்தக் கரைக்கு அனுப்புங்கள் என்றாள். அந்தக் கரையில் இந்தப் பீர் விற்றதே இல்லை என்றார் அவர். விற்றுப் பாருங்கள் என்றாள். அச்சடித்த காகிதத்தை எரிக்க ஹப்ராகனுக்கும் மனசு வரவில்லை. சரி என்றார்.

அடுத்த சனிக்கிழமை டிரீக்கின் லாரியில் நானும் ஏறினேன். அக்கரையில் எனக்கு ஒரு பிரசவ வீடு காத்திருந்தது. எங்களுக்கு நடுவில் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு கொர்னேலியா. “நீயே வந்து பாரும்மா, அப்புறம் பேசு” என்று மகன் இழுத்துவந்திருந்தான். வீட்டு ஜன்னலிலிருந்து ஆறு தெரியும். ஆனாலும் அவள் அதைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. லாரியை ஏற்றிய படகு நகர்ந்ததும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

முதல் கடையில் டிரீக் பெட்டிகளை இறக்கிவிட்டுச் சுவரில் படத்தை மாட்டினான். கடைக்காரரின் மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். கறுப்பு உடை, வலது கையில் தேய்ந்த மோதிரம். நான் கொர்னேலியாவைப் பார்த்தேன். மூச்சை அடக்கி நின்றாள்.

“அடக்கமான முகம்” என்றாள் கடைக்காரி. “மோதிரமும் பிள்ளையுமா, குடும்பப் பொண்ணு. பாத்தாலே தெரியுது, எங்க ஆளுதான். உங்க பக்கத்துப் பொண்ணுங்க முகத்துல இப்படி ஒரு அடக்கம் வராது.”

கொர்னேலியாவின் கழுத்து சிவந்தது.

“உங்க ஆளா?” என்றாள். “யாருடி உங்க ஆளு? எங்க கோவில்ல ஞானஸ்நானம் வாங்கின பொண்ணு அது! தினம் ஜெபமாலை சொல்ற பொண்ணு! என் மருமக!”

“மருமகளா? அப்ப இது உங்க பேரனா? நல்ல கனம்.”

இல்லை என்றால் குட்டு வெளிப்பட்டுவிடும்.  டிரீக் பெட்டிக்குப் பின்னால் குனிந்து சிரித்தான்.

“கனம்தான்” என்றாள் கொர்னேலியா. “எங்க பக்கம் பிள்ளைங்க அப்படித்தான்.”

கடைக்காரி ஆறு பெட்டி வேண்டும் என்றாள்.

வெளியே வந்து லாரியில் ஏறும்போதுதான் கொர்னேலியா மகனிடம் திரும்பினாள். “மே மாசம்தான். ஒரு நாள் முன்னாடி வச்சாலும் நான் வரமாட்டேன். நல்லா எண்ணிப் பாக்கட்டும் எல்லாரும்.”

கார்னிவலில் பொம்மை வரத்தான் செய்தது. அதற்குப் பக்கத்தில் கொர்னேலியாவே நடந்துபோனாள், கிண்டல் செய்தவனை முறைத்துக்கொண்டு. டிம்ப்னாவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. வடக்குக் கரைக்கு என்று ஒரு லாரி தனியாக ஓட ஆரம்பித்தது. தெற்குக்கு ஹப்ராகன் புதிதாக அச்சடித்தார், மோதிரம் இடது கையில். சந்தையில் இரண்டும் கிடைக்கும். வலது கைப் படத்துக்குத்தான் கிராக்கி.

மே மாதம் கல்யாணம் நடந்தது. அடுத்த வருடம் கோடை முடிகிற சமயத்தில் மகன் பிறந்தான். எண்ணியவர்கள் எண்ணி அலுத்துப்போனார்கள். கவனிக்க நான்தான் போனேன். பிள்ளை பிறந்த வீட்டு வழக்கப்படி சோம்பு மிட்டாய் தூவிய ரஸ்க்கும், ஹப்ராகன் அனுப்பிய ஒரு பெட்டிக் கறுப்பு பீரும் மேஜையில் இருந்தன. பீரால் பால் ஊறாது. நல்ல சாப்பாடு, நிறையத் தண்ணீர், தூக்கம், பிள்ளையை அடிக்கடி மார்பில் போடுவது, அவ்வளவுதான். டிம்ப்னாவுக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

குழந்தையைத் துடைத்து அவளிடம் நீட்டினேன். வாங்கும்போதே உள்ளங்கையால் தலையைத் தாங்கினாள். நான் ஒன்றும் சரிசெய்ய வேண்டியிருக்கவில்லை. ஜன்னலோரம் கொர்னேலியா பீரைத் திறந்து, “வீணாப் போகக் கூடாதுல்ல சிஸ்டர்” என்று தனக்கு ஊற்றிக்கொண்டாள்.