பம்மல் கோலி

தாம்பரத்திலிருந்து பம்மல் போகும் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்திருக்கிறேன். என் கார் வழியில் மக்கர் பண்ணிவிட்டது. எதிர் சீட்டில், ஒரே ஐரோப்பிய ஃபுட்பால் டீமின் ஜெர்சி போட்ட இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள். அந்த டீம் சொந்த ஊரில் ஆட வேண்டிய லீக் மேட்சை வெளிநாட்டில் வைக்கப் போகிறார்களாம்.

“நாளைக்கே சென்னைக்கு வந்து ஆடுனா வேணாம்பியா மச்சான்?”

“வாராவாரம் மழையில நின்னு கத்துனானே அந்த ஊர்க்காரன், அவன் இன்னா பண்ணுவான்? டிவியிலயா பாப்பான்?”

நான் சும்மா இருப்பவனா? “எங்க லாபமோ அங்க போறவன்தான்பா முதலாளி. மூணாங்கிளாஸ் படிச்சவன் நான். பம்மல்ல தோல் கம்பெனி போட்டேன், ஆம்பூருக்குத் தூக்கிட்டுப் போய்ப் பத்து மடங்காக்கினேன். பம்மல்ல இருந்தப்ப ஃபுட்பால் டீமே வெச்சிருந்தேன். ஆடுன பதினோரு பேர் பேரையும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.”

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்க்கிறார்.

“எங்கப்பா உங்க டீம் கோலி சார், கோல்கீப்பர். கம்பெனி போன அப்புறமும் ஞாயித்துக்கிழமையானா கிரவுண்டுக்குப் போய் கோல் போஸ்ட்ல நின்னுகினு இருப்பாரு. பந்து அடிக்க எதிர்ல ஆளே இருக்காது.”

ஜெர்சிக்காரர்கள் இருவரும் என் பக்கம் திரும்புகிறார்கள்.

“எங்கப்பா பேரச் சொல்லுங்க சார்.”

கோல் போட்டவர்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. பம்மலும் வந்துவிடுகிறது. கோலியின் பெயர் மட்டும் வரவில்லை.