ஷாலினியின் பழைய கண்ணாடிகள்

கண்ணையன் 2016 ஆவணியில் இறந்தார். மாரடைப்பு. கடையில், வேலை செய்துகொண்டிருந்தபோது. வயது அறுபத்திரண்டு. காரியம் முடிந்து கடையை ஒழித்தபோது கல்லாவுக்குக் கீழே ஒரு பிஸ்கட் டப்பா கிடைத்தது. அவருடைய ஒரே மகள் ஷாலினி ஆறாம் வகுப்பிலிருந்து போட்டுக் கழற்றிய கண்ணாடிகள் அத்தனையும் அதில் இருந்தன. ஒவ்வொன்றிலும் நூலால் கட்டிய ஒரு சீட்டு. சீட்டில் தேதி, பவர்.

அந்த டப்பா ஒரே ஒரு முறைதான் கடையை விட்டு வெளியே போனது. 2009 மாசியில், விழுப்புரத்துக்கு.

கண்ணையன் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். வேறொருவர் கண்ணாடிக் கடையில் பதினைந்து வருடம் லென்ஸ் தேய்த்துவிட்டு, 1993இல் திண்டிவனத்தில் பேருந்துகள் நிற்கும் இடத்திலிருந்து நாலு கடை தள்ளிச் சொந்தமாகக் கடை போட்டார். வல்லத்திலிருந்தும் பெருமுக்கலிலிருந்தும் சனங்கள் உடைந்த கண்ணாடியைத் துணியில் முடிந்துகொண்டு வருவார்கள். டாக்டர் சீட்டு இருக்காது. எப்போதோ வாங்கியது, எங்கேயோ போட்டது. கண்ணையன் உடைந்த துண்டை லென்சோமீட்டரில் வைத்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். கண்ணாடியின் பவரை அந்தக் கருவி சொல்லிவிடும். அதே பவரில் புதிது போட்டுக் கொடுப்பார். மங்கலாகத் தெரிகிறது என்றால் சோதனை லென்சுகள் அடுக்கிய பெட்டியைத் திறப்பார். "இது நல்லாத் தெரியுதா, இது நல்லாத் தெரியுதா?" எது தெளிவோ அது. அந்த ஊரில் எல்லாக் கடையிலும் அப்படித்தான். பழைய கண்ணாடியை யாரும் எறியக் கூடாது என்பார். "டாக்டர் சீட்டு தொலையும். கண்ணாடி தொலையாது."

வீட்டுக்கும் அதே வழிதான். ஷாலினிக்கு முதல் கண்ணாடி 1997இல். கரும்பலகை தெரியவில்லை என்றாள். கடைக்குக் கூட்டிப்போய் அவரே பார்த்தார், அவரே போட்டார். பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பவர் ஏறும். அவரே மாற்றுவார். கண் டாக்டரிடம் போவதை அவர் நினைக்கவே இல்லை. தையல்காரர் வீட்டில் யாரும் வெளியே சட்டை தைக்கக் கொடுப்பதில்லை.

அவர்கள் வீடு, வேர்க்கடலை மூட்டைகள் வந்திறங்கும் மல்லாட்டை மண்டிக்குப் பின்புறம். காற்றடித்தால் தூசி. ஷாலினி எந்நேரமும் கண்ணைக் கசக்குவாள், வலது கண்ணை அதிகமாக. 2007இல் ஒரு நாள், "விளக்கைச் சுத்தி வால் மாதிரி தெரியுதுப்பா" என்றாள். "கண்ணாடியைத் தொடச்சிப் போடு" என்றார் கண்ணையன்.

மின்னணுவியல் டிப்ளமோ முடித்து, விழுப்புரத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் ஆய்வுக்கூட உதவியாளராக அவள் சேர்ந்திருந்தாள். இருபத்து மூன்று வயது. அப்போதுதான் தீனதயாளன் சம்பந்தம் வந்தது. பையன் விழுப்புரத்தில் வங்கி வேலை. பெண் பார்க்க வந்த அவன் அம்மா காபியைக் குடித்துவிட்டுச் சொன்னார்.

"பொண்ணு லட்சணமா கீறா. கண்ணாடி ஒண்ணுதான். இப்பல்லாம் பத்து நிமிஷத்துல லேசர் வெச்சி எடுத்துடுறாங்களாமே."

ஷாலினிக்கு அதில் வருத்தமில்லை. பள்ளிக்கூடத்தில் சோடாபுட்டி என்று கூப்பிட்டதை அவள் மறக்கவில்லை. லேசர் வேண்டும் என்று அவளே கேட்டாள். பங்குனியில் நிச்சயம், அதற்குள் முடித்துவிடலாம் என்று பேச்சு.

விழுப்புரத்தில் ஒரு கண் மருத்துவமனைக்குப் போனார்கள். முதலில் ஒரு படிவம் கொடுத்தார்கள். வயது, சர்க்கரை, கர்ப்பம், கண் உலர்ச்சி, வீட்டில் யாருக்காவது கருவிழிக் கோளாறு. கடைசி வரியில், கடந்த ஓராண்டில் பவர் மாறியதா. ஷாலினி 'இல்லை' என்று டிக் அடித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கண்ணையன் அதைப் பார்த்தார். ஆறு வாரத்துக்கு முன்னால், தை மாதம், வலது கண்ணுக்குப் பவர் ஏற்றிப் புதுக் கண்ணாடி போட்டது அவர்தான்.

கருவிழியைப் படம் எடுத்தார்கள். டாக்டர் தேவயானி நிதானமாகப் பேசுகிறவர்.

"கான்டாக்ட் லென்ஸ் போடுவியாம்மா?"

"எப்பவாவது மேடம்."

"கடைசியா எப்ப?"

"நேத்து. மாப்பிள்ளையோட அக்கா வந்திருந்தாங்க."

"அப்ப இன்னிக்கு எடுத்த அளவை நம்ப முடியாது. லென்ஸ் போட்டா கருவிழி அதுக்கேத்த மாதிரி அமுங்கியிருக்கும். வலது கண்ணு படத்துல கீழ்ப்பக்கம் கொஞ்சம் மேடாத் தெரியுது. அது லென்சாலயா, கண்ணே அப்படியான்னு தெரியணும். ரெண்டு வாரம் லென்சைத் தொடாத. திரும்ப வா. பவர் ஒரு வருஷமா மாறலையில்ல?"

"மாறல மேடம்."

கண்ணையன் சுவரில் தொங்கிய எழுத்துப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தால் அடுத்த கேள்வி என்னவென்று அவருக்குத் தெரியும். இத்தனை நாள் யார் பார்த்தது?

திரும்பும் பேருந்தில் ஷாலினி கேட்டாள்.

"இன்னாப்பா, மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கினு வர்ற?"

"ஒண்ணுமில்ல."

"தையில மாத்தினதைச் சொல்லிடுவியோன்னு பயந்துட்டேன். அரைதானே ஏறிச்சி?"

"முக்கால்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டில் அவர் மெல்ல ஆரம்பித்தார். அவசரப்பட வேண்டாம், ஒரு வருடம் பார்க்கலாம். மனைவி செண்பகம் முறத்திலிருந்து கண்ணெடுக்கவில்லை.

"கண்ணாடிக் கடை வெச்சிக்கினு லேசர் நல்லதுன்னா சொல்லுவீங்க? ஊரே கண்ணைச் சரி பண்ணிக்கினா நம்ம அடுப்பு எப்படி எரியும்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவர் பேச்சை அதோடு விட்டார். கண்ணாடிக் கடைக்காரன் வாயில் அந்தப் பேச்சு எடுபடாது.

செவ்வாய்க்கிழமை இப்ராஹிம் ஷா வந்தார். கோட்டக்குப்பத்துக்காரர். ஷார்ஜாவில் கண்ணாடிக் கடையில் வேலை செய்து திரும்பி, இப்போது கடை கடையாக பிரேம் போடுகிறவர். ஷார்ஜாவிலேயே லேசர் செய்துகொண்டவர்.

"பிரேம் விக்கிற ஆளு மூஞ்சில பிரேம் இல்ல. உன்கிட்ட எவன் பாய் வாங்குவான்?" கண்ணையன் எப்போதும் சொல்வது. அன்று அதைச் சொல்லிவிட்டு, "நெசத்தைச் சொல்லு. எப்படி கீது?" என்றார்.

"நல்லாத்தான் கீதுண்ணே. எட்டு வருஷமாச்சி. காலையில எழுந்தா கடியாரம் தெரியுது, அது ஒரு சொகம்." சட்டைப் பையிலிருந்து சொட்டு மருந்தை எடுத்துக் காட்டினார். "இது இல்லாம முடியாது. கண்ணு காஞ்சிடும். ராத்திரி வண்டி வெளிச்சம் பூவா விரியும். நாப்பது தாண்டிச்சா, பேப்பர் படிக்கக் கண்ணாடி தேடுறேன். அதெல்லாம் முன்னாடியே சொன்னாங்க, நான்தான் காதுல வாங்கல. யாருக்கு, பாப்பாவுக்கா?"

"ம்."

"கருவிழி தடிமன் பார்த்தாங்களா? எனக்கு முன்னாடி ஒருத்தனுக்கு முடியாதுன்னுட்டாங்க. பவர் நிக்காம ஏறிக்கினு இருந்தா ஜல்தி பண்ணக் கூடாதுண்ணே. அதான் மொதல் கேள்வி."

அவர் போன பிறகு கண்ணையன் ஷட்டரைப் பாதி இறக்கினார். டப்பாவைத் திறந்தார். ஆறு கண்ணாடிகள். ஒவ்வொன்றாக லென்சோமீட்டரில் வைத்தார். இடது கண்ணில் சிலிண்டர் பவர் எல்லாவற்றிலும் அரை. கருவிழி எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி வளையாதபோது போடுவது சிலிண்டர். வலது கண்ணில், 1997இல் ஒன்றுமில்லை. 99இல் அரை. 2001இல் அரை. 2003இல் ஒன்று. பிறகு ஒன்றரை. 2007இல் இரண்டு. இப்போது அவள் முகத்தில் இருப்பது இரண்டே முக்கால். அந்த சிலிண்டரின் கோணமும் வருடத்துக்கு வருடம் சாய்ந்துகொண்டே வந்திருந்தது. ஒவ்வொரு முறையும் முந்தைய ஒன்றை மட்டுமே பார்த்து அவர் மாற்றியிருந்தார். ஏழு அளவையும் சேர்த்துப் பார்த்தது அன்றுதான்.

சீட்டு எழுதிக் கட்டிக்கொண்டிருந்தபோது ஷாலினி ராத்திரிச் சாப்பாடு கொண்டுவந்தாள். மேசையைப் பார்த்தாள். சீட்டுகளை வரிசையாகப் படித்தாள். ஏறும் அளவுகளைப் படிப்பது அவளுடைய தொழில்.

"இதை அங்க எடுத்தாரப் போறியா?"

அவர் நூலை முடிந்துகொண்டிருந்தார்.

"எடுத்தாராதப்பா. அவங்க மிஷின்ல பார்ப்பாங்க இல்ல, அது சொல்லட்டும். நீ எதுவும் சொல்லாத. எனக்காக."

"சாப்பாட்டை வெச்சிட்டுப் போம்மா" என்றார்.

இரண்டு வாரம் கழித்து மஞ்சள் பையில் டப்பாவோடு வந்தார். பேருந்தில் பையை மடியில் வைத்திருந்தார். ஷாலினி பார்த்தும் பார்க்காதது போல இருந்தாள்.

டாக்டர் மறுபடி படம் எடுத்தார். மேடு அப்படியே இருந்தது. "ரொம்ப லேசாத்தான் இருக்கு. சந்தேகம்னு சொல்லலாம். பவர் நிலையா இருக்கறதால..." என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது கண்ணையன் எழுந்து டப்பாவை மேசைமேல் வைத்தார்.

"நிலையா இல்லீங்க."

டாக்டர் ஒவ்வொரு கண்ணாடியாக எடுத்துச் சீட்டைப் படித்தார். தன் கருவியில் இரண்டைச் சரிபார்த்தார். "அளவு பிசகல" என்றார்.

"இதெல்லாம் எந்த டாக்டர் எழுதினது?"

"யாரும் இல்லீங்க. நான்தான். கண்ணாடிக் கடை வெச்சிருக்கேன். நானே பார்த்து நானே போட்டுட்டேன்."

"பன்னெண்டு வருஷமா?"

"ஆமாங்க."

டாக்டர் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஷாலினியைப் பார்த்துப் பேசினார்.

"இதுக்கு கெரட்டோகோனஸ்னு பேரு. கருவிழி மெலிஞ்சி கூம்பு மாதிரி முன்னால தள்ளும். லேசர்னா கருவிழியை இன்னும் செதுக்கணும். மெலிஞ்ச கண்ணைச் செதுக்கினா நிக்காது, இன்னும் தள்ளும். அப்புறம் வேற ஆளோட கருவிழி வெச்சித் தைக்கிற அளவுக்குப் போயிடும். படம் மட்டும் இருந்திருந்தா நான் யோசிச்சிருப்பேன். இந்த டப்பா யோசிக்க விடல. உனக்கு லேசர் கிடையாதும்மா. சென்னையில கருவிழியைக் கெட்டிப்படுத்துற சிகிச்சை இருக்கு, எழுதித் தர்றேன். கண்ணைக் கசக்குறதை இன்னியோட விடு."

வெளியே வந்ததும் ஷாலினி நின்றாள்.

"தூசி விழுந்தா ஊதிவிடுவே. தலைவலின்னா தைலம் தடவுவே. ஒரு தரம், ஒரே ஒரு தரம் டாக்டர்கிட்ட காட்டியிருக்கலாமில்ல?"

பேருந்தில் அவள் வேறு இருக்கையில் உட்கார்ந்தாள்.

தீனதயாளன் வீட்டுக்கு அவரே போனார். கண்ணாடி போகாது, கண்ணில் இந்தக் கோளாறு இருக்கிறது, சிகிச்சை உண்டு என்று ஒன்றுவிடாமல் சொன்னார். பையனின் அம்மா கேட்டுவிட்டு, "சொல்லாம மறைச்சிருந்தா எங்களுக்கு இன்னா தெரியப் போவுது. நீங்க நல்ல மனுஷன்" என்றார். மறுபடி காபி கொடுத்தார். அதன் பிறகு அவர்களிடமிருந்து பேச்சில்லை.

அடுத்த வருடம் சென்னையில் சிகிச்சை நடந்தது. கண்ணில் மருந்து விட்டு ஊதா வெளிச்சம் காட்டினார்கள். கண்ணையன் வெளியே பெஞ்சில் இருந்தார். வலியோடு வந்த மகள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள். அது இருவருக்கும் போதுமானதாக இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் கேட்டதை அவள் திரும்பப் பெறவில்லை. அவரும் அதை மறக்கவில்லை.

கடையில் ஒரு மாற்றம் வந்தது. இருபத்தைந்து வயதுக்குக் கீழே யார் வந்தாலும், பழைய கண்ணாடியில் இருப்பதைவிட சிலிண்டர் ஏறியிருந்தால் போட மாட்டார். "டாக்டர் சீட்டு எடுத்துக்கினு வா." அவர்கள் பக்கத்துக் கடைக்குப் போவார்கள். செண்பகம் தலையில் அடித்துக்கொண்டாள். 2012இல் ஷாலினி உடன் வேலை செய்யும் இளவழகனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவன் கண்ணாடி அவளுடையதைவிடத் தடிமன். அவனைப் பார்த்ததும் கண்ணையன் முதலில் விசாரித்தது சம்பளத்தை அல்ல, சிலிண்டரை.

2016 ஆனியில் ஷாலினி கடைக்கு வந்தாள். கண்ணாடியில் கீறல் விழுந்திருந்தது. வாடிக்கையாளர் நாற்காலியில், சின்ன வயதில் உட்கார்ந்த மாதிரியே கால்களை மடக்கி உட்கார்ந்தாள்.

"புதுசு போடணும்ப்பா. நீயே பாரு."

கண்ணையன் சோதனைப் பெட்டியைப் பார்த்தார். திறக்கவில்லை.

"டாக்டர் சீட்டு எங்க?"

"பேஜாரு பண்ணாதப்பா. உன்னைவிட எவன் கரெக்டா பார்ப்பான்? அந்த டாக்டரே சொன்னாங்க இல்ல, பிசகலைன்னு. நான்தானே கேக்குறேன். பாரு."

அவர் பழைய கண்ணாடியைத் துடைத்தார். நேரமெடுத்துத் துடைத்தார்.

"என்னையே பாக்கச் சொன்னியே, அது போதும்" என்றார். "சீட்டு எடுத்துக்கினு வா. நாளைக்கே போட்டுத் தர்றேன்."

அவள் கை வலது கண்ணுக்குப் போனது.

"கையை எடு."

எடுத்தாள். மறுநாள் சீட்டோடு வந்தாள். வலது கண், சிலிண்டர் இரண்டே முக்கால். ஏழு வருடமாக அதே எண். கண்ணையன் லென்சைத் தேய்த்துப் பொருத்தி அவள் முகத்தில் மாட்டி, காதோரம் பிடிக்கிறதா என்று இரண்டு விரலால் பார்த்தார். கழற்றிய கண்ணாடியில் நூலைக் கட்டினார். சீட்டில் தேதியும் பவரும் எழுதினார். கொஞ்சம் யோசித்து, கீழே டாக்டரின் பெயரையும் எழுதினார்.