பிஹெச் ஜெரால்டும் இரண்டு கடல் மீன்களும்

கும்மிடிப்பூண்டியில் எங்கள் தொழிற்சாலையின் கழிவுநீர் சுத்திகரிப்புப் பிரிவில் நானும் ஜெரால்டும் ஒரே ஷிப்ட். ஊரில் அவருக்கு பிஹெச் ஜெரால்ட் என்று பெயர். தண்ணீரில் அமிலம் மிஞ்சியிருக்கிறதா, காரம் மிஞ்சியிருக்கிறதா என்று சொல்லும் அந்த எண்ணைத் தவிர அவருக்கு உலகத்தில் வேறு கவலை கிடையாது. வீட்டில் ரசம் வைத்தால்கூட ஒரு சொட்டு எடுத்துத் தாளில் வைத்துப் பார்ப்பார். அவர் மனைவி மெர்சிக்குக் கர்த்தர் பொறுமையைத் தாராளமாகவே கொடுத்திருக்கிறார்.

வேலையில் கெட்டிக்காரர். எண் இறங்கினால் சுண்ணாம்பு, ஏறினால் ஆசிட். இரண்டுக்கும் மசியாத நாளில் அதிகாரி யாராவது வந்துவிட்டால், எண்ணை அளக்கும் மீட்டரின் முனையை நல்ல தண்ணீர் பக்கெட்டுக்குள் போட்டுவிடுவார். காகிதத்தில் எங்கள் கழிவுநீர் இளநீரைவிடச் சுத்தம். இத்தனை திறமை இருந்தும் மனுஷன் பல வருஷமாகக் காண்ட்ராக்ட்தான்.

போன வருஷம் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வருகிறார்கள் என்றதும் மேனேஜர் தணிகாசலத்துக்கு ஒரு யோசனை உதித்தது. வரவேற்பறையில் ஒரு கடல் மீன் தொட்டி. அதில் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு மீன்கள். நாங்கள் சுத்திகரித்த தண்ணீரில்தான் அவை வாழ்கின்றன என்று சொல்லிக்கொள்ளலாம். தண்ணீர் கேன் தண்ணீர், உப்பு கடையில் வாங்கியது. அது வேறு விஷயம்.

"அவுங்க வர்ற வரைக்கும் மீன் உயிரோட இருந்தா, உன்னைப் பர்மனென்ட் பண்றேன்யா. செத்துச்சுன்னா காண்ட்ராக்டும் கிடையாது" என்று தொட்டியை ஜெரால்டின் தலையில் கட்டினார்.

கடல் தண்ணீருக்கு எண் எட்டுக்குக் கொஞ்சம் மேலே நிற்க வேண்டும். காலையில் நின்றது. சாயங்காலம் பார்த்தால் ஏழரைச் சொச்சத்துக்கு இறங்கியிருந்தது. ஜெரால்ட் பழக்க தோஷத்தில் சமையல் சோடாவை அள்ளிப் போட்டார். எண் துள்ளி ஏறியது. மறுநாள் சாயங்காலம் மறுபடி விழுந்தது. மறுபடி சோடா. மீன்கள் மூலையில் ஒதுங்கின. கடைசியில், சரியான எண் காட்டும் ஒரு டம்ளர் தண்ணீரில் மீட்டரின் முனையைப் போட்டு, டம்ளரைத் தொட்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். மேனேஜர் எண்ணைப் பார்த்து முதுகில் தட்டிக்கொடுத்தார். மீன்களுக்கு எண் படிக்கத் தெரியாது. மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவித்தன.

ஜெரால்ட் மீன் கடைக்காரருக்குப் போன் போட்டார். ஏசி போட்டு மூடிய அறையில் ஆட்கள் விடும் மூச்சே தண்ணீரில் கரைந்து எண்ணை இறக்குகிறது, ஜன்னலைத் திறந்துவிட்டால் போதும் என்றார் கடைக்காரர்.

ஜன்னலைத் திறந்ததுதான் தாமதம், தணிகாசலம் ஓடிவந்தார்.

"யோவ், மூடுய்யா! நம்ம சிம்னி புகை மொத்தமும் உள்ள வருது. இந்தக் காத்துல மீன் செத்துடும்யா!"

"அந்தச் செவுத்துக்கு அந்தாண்டதான் சார் எங்க ஊடு கீது" என்றார் ஜெரால்ட். "ஏஞ்சலு ராவெல்லாம் இருமிக்கினே கீறா."

ஏஞ்சல் அவருடைய மகள், ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். தணிகாசலத்தின் கண் மீன் மேலேயே இருந்தது.

மறுநாளே கார்பன் ஃபில்டர் வந்தது. புகையை வடிகட்டி, வெளிக்காற்றைக் குழாய் வழியாகத் தொட்டிக்குள் விடும் ஏற்பாடு. எண் எட்டுக்கு மேலே ஏறி ஆடாமல் நின்றது. ஜெரால்ட் டம்ளரைத் தூக்கிவிட்டு முனையைத் தொட்டிக்குள்ளேயே போட்டார். அவருடைய உத்தியோகத்தில் மீட்டர் உண்மை பேசிய அபூர்வமான நாட்கள் அவை. மீன்கள் கல்யாண வீட்டுக்கு வந்தவர்களைப் போல உலாத்தின. வாடிக்கையாளர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள், ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டார்கள்.

தணிகாசலமும் சொன்ன சொல் தவறவில்லை. எல்லோரையும் கூட்டிவைத்து பர்மனென்ட் ஆர்டரை நீட்டினார்.

"வேற ஏதாவது வேணுமாய்யா?"

ஜெரால்ட் தலையைச் சொறிந்தார். "அந்த ஃபில்டர் மாரி ஒண்ணு எங்க ஊட்டாண்ட வெச்சிக் குடுத்தீங்கன்னா, கொயந்த தூங்கும் சார்."

கூட்டம் சிரித்தது. தணிகாசலமும் சிரித்தார். "உங்களுக்கெல்லாம் இந்தக் காத்து பழகிடுச்சேய்யா. மீனு புதுசு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜெரால்ட் ஆர்டரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ் சார்" என்றார்.