ஸ்கூட்டர் மேல் அடுக்கிய பெட்டிகள்

பவானிபூரில் நாங்கள் தரைத்தளத்தில் குடியிருந்தோம். மழைக்காலத்தில் தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். அந்த வருடம் ஒன்றரை மாத லீவில் மதுரைக்குக் கிளம்பியபோது, நனையக் கூடாதென்று புத்தகப் பெட்டிகளை எல்லாம், மாடிப்படிக்குக் கீழே சுவரில் சாய்த்திருந்த ஸ்கூட்டர் மேல் அடுக்கிக் கட்டினேன். என் யோசனைதான்.

திரும்பி வந்து பெட்டிகளை இறக்கிய பிறகும் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்தே இருந்தது.

“என்னங்க, பின்னாடி இப்படி அமுங்கிக் கெடக்கு?”

“டயர்ல காத்து இல்ல,” என்றார் கணவர். காற்றடித்தும் நிமிரவில்லை. “ஓட்டினா சரியாயிடும், ஏறு.”

மகளை நடுவில் உட்காரவைத்துக் கிளம்பினோம். டிராம் தண்டவாளத்தில் ஏறி இறங்கியதும் மடக்கென்று ஒரு சத்தம். டயர் மட்கார்டில் சிக்கிச் சக்கரம் நின்றுவிட்டது. மூவரும் சாலையில் விழுந்தோம். பின்னால் வந்த மினிபஸ் என் புடவைத் தலைப்பை ஒட்டி பிரேக் போட்டு நின்றது. மகளை வாரியெடுத்துக்கொண்டு சாலை ஓரத்துக்கு ஓடினேன்.

மழைத்தண்ணீரில் துருப்பிடித்த ஷாக் அப்சர்பர் ஸ்பிரிங், பெட்டிகளின் பாரத்தில் விரிசல் விட்டு, இரண்டாக உடைந்திருந்தது. “பௌதி, இது என்ன அலமாரியா?” என்றார் வங்காளி மெக்கானிக், என்னை அண்ணி முறை வைத்து.

இப்போது சீட்டை மூன்று முறை அழுத்தி, நிமிர்கிறதா என்று பார்த்த பிறகே மகளை ஏற்றுகிறேன். எதற்கும் அவசரப்படுத்தும் என் கணவர், அதுவரை ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு காத்து நிற்கிறார்.