கறிக்கடைக் கட்டையில் செய்த கிட்டார்

என் மச்சினனுக்குக் கல்யாணம் நடந்ததற்குக் காரணம் ஒரு கறிக்கடைக் கட்டை. இதைச் சொன்னால் இன்றைக்கும் கோபித்துக்கொள்வான். கோபித்துக்கொள்ளட்டும்.

தொண்ணூறுகளில் நான் மைசூரில் கட்டில், பீரோ செய்யும் பட்டறை ஒன்றில் தச்சு வேலை பார்த்தேன். எனக்குச் சொந்த ஊர் ராமாபுரம் பக்கம். பள்ளிக்கூடம் போனதில்லை. மனைவியின் தம்பியான இந்த மச்சினன் எங்களோடு இருந்தான். பகலில் மில் வேலை, சாயங்காலமானால் கல்யாண ஆர்கெஸ்ட்ராவில் கிட்டார். அந்தக் கிட்டாரும் ஆர்கெஸ்ட்ராக்காரர்களுடையது. அதனால் அவனுக்கென்று ஒன்று நான் செய்துகொண்டிருந்தேன். வீணைக்குப் பலாமரம் ஆகும்போது கிட்டாருக்கு ஆகாதா? உடம்புக்குப் பலா, கழுத்துக்கு ஒரு பழைய தேக்குக் கதவு. கழுத்தின் மேல் ஒட்டுகிற பலகை மட்டும்தான் பாக்கி. தந்தியை அழுத்த விரல் ஓடுகிற பலகை அது. அதற்கு ஈட்டி மரம் வேண்டும் என்பார்கள். எங்கள் முதலாளியோ ஈட்டியை நகை மாதிரி பூட்டி வைத்திருப்பார். ஆகவே கிட்டார் மாதக்கணக்கில் பரண்மேல் கிடந்தது. அதற்குள் எலி ஒன்று குடும்பம் நடத்தியது. அது வேறு கதை.

அப்போது ஒரு வரன் வந்தது. பெண்ணின் அப்பா ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். "பையன் கிட்டார் வாசிப்பாராமே, பொண்ணு பாக்க வர்றப்ப கொண்டுவரச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். எங்கேயும் பெண்ணைத்தான் பாடச் சொல்வார்கள். இங்கே மாப்பிள்ளைக்குப் பரீட்சை. பெண் பார்க்கக் குறித்த ஞாயிற்றுக்கிழமை ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் கிட்டாரோடு ஊட்டிக்குப் போகிறார்கள். மச்சினனுக்கு ஏற்கெனவே பல இடம் தட்டிப்போயிருந்தது. முன்னந்தலையும் காலியாகி வந்தது.

"மாமா, இதுவும் போச்சுன்னா மேல்கோட்டை கோயிலுக்குப் போயி மொட்டை போட்டுக்கிட்டு அங்கயே உக்காந்துக்குவேன்."

"அதுக்கு எதுக்குடா பஸ்ஸேறி அவ்வளவு தூரம்? பாதி வேலை இங்கயே முடிஞ்சிருக்குதே" என்றாள் அவன் அக்கா.

நான் மரம் தேடிக் கிளம்பினேன். கெட்டியாகவும் இருக்க வேண்டும், பல வருஷம் காய்ந்தும் இருக்க வேண்டும். பச்சை மரம் முறுக்கிக்கொள்ளும். வீட்டில் கருங்காலி உலக்கை ஒன்று இருந்தது. அதை நான் இரண்டாம் தடவை பார்த்ததுமே மனைவிக்குத் தெரிந்துவிட்டது.

"ஏனுங்க, உலக்கை மேல கைய வெச்சுப் பாருங்க. அப்பறம் அது உங்க முதுகு மேலதான் இருக்கும்."

அக்ரஹாரத்தில் பழைய வீடு இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வாசல் நிலையாவது கிடைக்கட்டும் என்று சைக்கிளை மிதித்தேன். நிலையை யாரோ முந்திக்கொண்டு போய்விட்டார்கள். கொல்லையில் கறிவேப்பிலை மரம் நின்றது. ஒரு கட்டு ஒடித்துக்கொண்டு திரும்பினேன். கறிவேப்பிலையைப் பார்த்ததும் கறி ஞாபகம் வந்தது. கறிக்கடைக்குப் போனேன்.

கடைக்கார பாய் புதுக் கட்டை மாற்றியிருந்தார். பழையது பின்னால் சாய்ந்து கிடந்தது. முழங்கால் உயரப் புளியங்கட்டை. கத்தி விழுந்து விழுந்து நடுவில் குழி. ஓரத்தை உளியால் செதுக்கிப் பார்த்தேன். உள்ளே வைரம் நாவற்பழ நிறம். உளி முனைதான் மழுங்கியது.

"எதுக்கு குரு, அடுப்புக்கா?" மைசூரில் யாரைக் கூப்பிட்டாலும் குருதான்.

"இல்லீங்க பாய், கிட்டாருக்கு."

பாய் கத்தியைக் கீழே வைத்தார். "எடுத்துக்கோ. இதுல எத்தனையோ ஆடு கத்தியிருக்கு. பாட்டும் வந்தாலும் வரும்."

நெட்டுவாக்கில் அறுத்து, பலகையாக இழைத்தேன். இழைக்க இழைக்கப் பட்டறை வாசலில் தெரு நாய்கள் வந்து வரிசையாக உட்கார்ந்தன. என் வேலைப்பாட்டைப் பார்க்க நாய்கூட வருகிறதே என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு எடுத்துப் போனபோது மனைவிதான் மோந்து பார்த்துவிட்டு மூக்கைப் பிடித்தாள். சீயக்காய் போட்டுத் தேய்த்தோம். எலுமிச்சம்பழம் தேய்த்தோம். பிள்ளை பெற்றவளுக்குப் போடுவதுபோல் சாம்பிராணிப் புகை போட்டோம். வாசம் போய்விட்டது. போய்விட்டதென்று நாங்கள் நினைத்தோம். மரம் துணி மாதிரி இல்லை. குடித்த கொழுப்பை உள்ளேயே வைத்துக்கொள்ளும், சூடு பட்டால்தான் வெளியே விடும். கத்தி விழுந்து அதிகமாகக் கொழுப்பு குடித்த மேல்நுனியைத்தான் நான் கிட்டாரின் வயிற்றுப் பக்கம் வைத்து ஒட்டியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். கேசரி வந்தது, பெண் காபி கொண்டுவந்தாள், எல்லாம் நல்லபடி. மச்சினன் மடியில் கிட்டாரை வைத்து ஒரு பழைய காதல் பாட்டை ஆரம்பித்தான். வெயில் நேரம், விரலும் சூடு. பலகை தன் குணத்தைக் காட்டத் தொடங்கியது. சாம்பிராணியும் ஆட்டுக்கறியும் சேர்ந்த ஒரு வாசம். உள்ளறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வெள்ளையாக ஒரு பொமரேனியன் பாய்ந்து வந்தது.

"ஐயோ, யாரு கதவத் திறந்தது! தம்பி, அசையாதீங்க. வந்த மாப்பிள்ளை ஒருத்தரையும் அது விட்டதில்ல" என்று பெண்ணின் அப்பா எழுந்தார். இந்தப் பெண்ணுக்கு ஏன் இன்னும் வரன் அமையவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

மச்சினனுக்கு நாய் என்றாலே ஜுரம் வரும். பயத்தில் வாசிப்பை நிறுத்தவும் தெரியவில்லை. நாய் அவன் தொடையில் முன்கால்களை ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டு, பலகையின் அடி நுனியை நக்க ஆரம்பித்தது. அவன் கை கீழே வந்தால் உறுமும். மேலே போனால் நக்கும். அவன் கிட்டார்க் கழுத்தின் உச்சியிலேயே கையை வைத்துக்கொண்டு, இருந்த ஒன்றிரண்டு சுரத்திலேயே பாட்டை ஓட்டினான். நெற்றி வியர்வை மூக்கில் சொட்டியது.

"ஏன் தம்பி, கை கீழ எறங்கவே மாட்டேங்குது?"

"இது... இந்தப் பாட்டு அப்படித்தாங்க சார்" என்றான் மச்சினன், அழுகிற குரலில்.

பெரியவருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாருங்க, எவ்வளவு உருகி வாசிக்கிறாரு! வாயில்லாத ஜீவனுக்கே தெரியுது, பையன் தங்கமான பையன்னு. இதுக்கு மேல நான் என்ன யோசிக்கணும்?" தாம்பூலத் தட்டு அன்றைக்கே மாறியது. மச்சினன் தட்டை வாங்கும்போதும் நாய் கிட்டாரை விடவில்லை.

கல்யாணமாகி வெகுநாள் கழித்து ஒருநாள் அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"காபி குடுக்கறப்பவே எனக்கு வாசம் தெரிஞ்சுதுண்ணா. ஞாயித்துக்கிழமையானா எங்க வீட்ல கறிதானே."

"அப்பறம் ஏம்மா சொல்லல?"

"அவருதான் கறி சாப்பிட்டுக் கை கழுவாம வந்துட்டாருன்னு நினைச்சேன். அவ்வளவு அவசரமா என்னைப் பாக்க வந்தாரேன்னு புடிச்சுப் போச்சு. கறி வாசம் வந்தா நாய் கடிக்காது, நக்கும்னு தெரியும், அதான் கதவையும் நானே திறந்து விட்டேன்."

கிட்டார் இன்னும் இருக்கிறது. அதை எடுத்தால் மச்சினன் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் வாசிப்பான்.