குணமாகிப் போனவர்கள்

எங்கள் ஆஸ்பத்திரியில் செத்தவர்களை உயிரோடு இருப்பவர்களைப் போல வெளியே கொண்டுபோகும் வழியைக் கண்டுபிடித்தவன் நான்தான். டாக்டரையா அல்ல, துரையும் அல்ல. நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொன்னால் சாக்குத் தேடிக்கொண்டு வந்தேன் என்று நினைப்பீர்கள்.

ஹல்துமுல்லைக்கு மேலே, நாலு தோட்டத்துக்கும் பொதுவாக இருந்த ஆஸ்பத்திரி அது. ரயில் பண்டாரவளையோடு நின்றுபோயிருந்த காலம். பதுளைக்குப் போக மாட்டு வண்டிதான். தகரக் கூரை, ஆண்களுக்குப் பன்னிரண்டு கட்டில், பெண்களுக்கு எட்டு. நான் அதற்கு முன்னால் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தவன். ஒருநாள் கத்தி தவறி இடது கையில் இரண்டு விரலின் நரம்பு போனது. கத்தி பிடிக்க முடியாதவனுக்கு மலையில் என்ன வேலை? நோயாளிகளைக் கழுவவும் புரட்டிப் படுக்க வைக்கவும் கஞ்சி ஊட்டவும் அனுப்பிவிட்டார்கள். பதுளைக் கடையிலிருந்து சாமான் சுற்றி வரும் செய்தித்தாள்களை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியதும் அங்கேதான்.

படிப்பைவிட எனக்கு ருசி, சனங்கள் பேசும் பேச்சில். சாகப் போகிறவர்கள் கும்பிட்டுக்கொண்டு கிடப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. கேலி பேசுவார்கள், சண்டை பிடிப்பார்கள், ஊறுகாய் கேட்பார்கள். ஆஸ்பத்திரியைப் பற்றியே மலையில் கொழுந்தெடுக்கும் பெண் ஒருத்தி சொன்னாள்: "அங்க போற பாதைய நல்லா அகலமா வெட்டியிருக்காங்க. வர்ற பாதையத்தான் வெட்ட மறந்துட்டாங்க." சிரித்தேன். ஆனால் அவள் சொன்னது சரி. இனி நடக்கவே முடியாது என்ற நிலையில்தான் கங்காணி ஆட்களைத் தூக்கி வந்து போடுவான். அப்படி வந்தவர்கள் சாவார்கள். செத்தார்கள் என்று கேட்டு மற்றவர்கள் நோயை ஒளித்துக்கொண்டு லயத்து அறையில் கிடப்பார்கள். பிறகு அவர்களையும் தூக்கி வருவார்கள்.

ஒரு மழைக்காலத்தில் ரத்தபேதி வந்தது. ஒரே வாரத்தில் மூன்று சாவு. மூன்றாவது ஆளின் தாய் வார்டு நடுவில் விழுந்து மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். மற்ற கட்டில்களில் படுத்திருந்தவர்கள் சத்தமில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று சாயங்காலம் கஞ்சி வாளியோடு போனேன். ஏழு கட்டில் காலி. நிற்கவே முடியாதவர்கள் எழுந்து ஓடியிருந்தார்கள். ஒருவனைக் கீழ் மலையில் தேயிலைச் செடிக்கடியில், கம்பளியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி செத்துக் கிடக்கக் கண்டெடுத்தோம்.

துரை குதிரையில் வந்து டாக்டரையாவை இங்கிலீஷில் ஏசினார். டாக்டரையா யாழ்ப்பாணத்துக்காரர், மருந்து தெரிந்தவர், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். துரை போனதும் அவர் என்னைத் தமிழில் ஏசினார். "இனி உந்தக் குழறல் ஒண்டும் வாட்டுக்குள்ள கேக்கக் கூடாது. என்ன செய்வீரோ எனக்குத் தெரியாது."

நான் என்ன செய்தேன் என்றால், அடுத்து ஒருவர் செத்தபோது கண்ணை மூடினேன், தாடையைத் துண்டால் கட்டினேன். அதே துண்டைப் பல்வலிக்காரன் கட்டுவதைப் போலத் தலைக்கு மேல் முடிச்சுப் போட்டேன். முகத்தை மூடவில்லை. கம்பளியை மூங்கிலில் தொட்டில் மாதிரி கட்டி அதில் கிடத்தி, இரண்டு பேர் தூக்க, பக்கத்தில் நடந்துகொண்டே பேசினேன். "பாத்துண்ணே, குளிரு காத்து. காதை மூடிக்கங்க. வீட்டுக்குப் போனதும் ரசம் குடிங்க, புளி சேக்காதீங்க." வார்டில் இருந்தவர்கள் முகத்தில் அன்றைக்கு வந்த தெளிவைப் பார்த்திருக்க வேண்டும். ஒருவர் குணமாகிப் போகிறார்! கையைத் தூக்கி வழியனுப்பினார்கள். ஒருவர் பிணத்திடம் செய்தி சொல்லி அனுப்பினார்: "எங்க வீட்டுக்காரிய வரச் சொல்லுங்க மாமா. எலுமிச்சங்கா ஊறுகா கொண்டாரச் சொல்லுங்க." "அவருக்குத் தொண்டை கட்டியிருக்கு, நான் ஞாபகப்படுத்துறேன்" என்றேன்.

ஒருவரும் ஓடவில்லை. டாக்டரையா என் தோளில் தட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது.

காலையில் சாகிறவர்களைப் பன்னிரண்டு மணிக்கு முன்பே வெளியேற்றிவிட வேண்டும் என்பது பிறகு ஏற்பட்ட ஏற்பாடு. பன்னிரண்டுக்குக் கொழுந்து நிறுவை முடிந்து சொந்தக்காரர்கள் பார்க்க வருவார்கள். அவர்கள் வார்டுக்குள் வந்து அழக்கூடாது. வளைவுக்கு அப்பால், ஜன்னலிலிருந்து தெரியாத இடத்தில் முகத்தை மூடுவோம். அதன்பின் லயத்துக்கு ஆள் போகும். மூலைக் கட்டிலில் கால் வீங்கிக் கிடந்த கிழவர் ஒருவர் மட்டும் ஒருநாள் என்னைக் கிட்டே கூப்பிட்டுச் சொன்னார்: "ஏன்டாப்பா, இங்க எல்லாருக்கும் உச்சிக்கு முன்னாடியே குணமாயிருதே, அது என்ன மருந்து?" என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பயப்படாத, நான் சொல்ல மாட்டேன். எனக்குக் கட்டுறப்ப துண்டு காதுல அழுத்தாமக் கட்டு" என்றார்.

அந்தக் காலத்தில்தான் இந்தப் புருஷன் பெண்சாதி வந்தார்கள். அவனும் என்னைப் போலக் கவ்வாத்துக்காரன். சோகை பிடித்து ரத்தமெல்லாம் வற்றி, உள்ளங்கை காகிதம் போல இருந்தது. அவள் கொழுந்தெடுப்பவள். ஆஸ்பத்திரிக்குக் கீழே இருந்த மலையில் வேலை. தினமும் பன்னிரண்டுக்கு ஓடி வருவாள். ஒரு கையில் ரசம், ஒரு கையில் சின்னச் செம்பில் பால்.

முதல் நாளே என்னைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டுச் சொன்னாள். "அண்ணே, எனக்கு எல்லாம் தெரியும். இவரு பொழைக்க மாட்டாரு. போற நேரம் வந்தா எனக்கு ஒரு சொல்லு அனுப்பிருங்க. என் கையால வாயில பால் ஊத்தணும். வேற ஒண்ணும் கேக்கல."

ஏன் அப்படிக் கேட்டாள் என்றால், தோணியேறி வந்து மலைக்கு நடந்து வருகையில் அவள் முதல் பிள்ளை காட்டு வழியில் செத்துப் போயிருந்தது. கூட்டம் நிற்கவில்லை. கங்காணி நிற்க விடவில்லை. "வாயில ஒரு சொட்டுத் தண்ணிகூட ஊத்தாம மண்ணத் தள்ளிட்டு வந்தேன்ணே. இவரையும் அப்படி அனுப்ப மாட்டேன்."

"நான் இருக்கேன் தங்கச்சி. நிச்சயமாச் சொல்லியனுப்புறேன்" என்றேன். வாய் நிறையச் சொன்னேன். சொல்வது எனக்குச் சுலபம்.

புருஷன் அதற்கு மேல் பேச்சுக்காரன். பால் செம்பு எதற்கு வருகிறது என்று அவனுக்குத் தெரியும். அவள் வந்ததும் ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பான். "இன்னைக்கும் ஏமாத்திட்டேன்டி. கொண்டு போய்க் காப்பியில ஊத்திக் குடி."

"வாயப் பாரு. ரத்தமெல்லாம் வத்திப் போச்சு, வாயி மட்டும் வத்தல."

"அதுவும் வத்துனா நீ யாரோட சண்ட போடுவ?"

"ஆஸ்பத்திரி அண்ணன் இருக்காரு."

"பாத்தியா மச்சான்?" என்று என் பக்கம் திரும்புவான். அவள் என்னை அண்ணன் என்றதால் நான் அவனுக்கு மச்சான். "உன் தங்கச்சி என்னை அனுப்பி வைக்கத் தினம் பாலோட வர்றா. விருந்தாளிக்குக்கூட இப்படிப் பால் வச்சுக் காத்திருந்தது இல்ல." அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். சிரிக்கும்போதே கண் நிறையும். பக்கத்துக் கட்டில்காரர்களும் சிரிப்பார்கள். இப்படி ஒன்பது நாள்.

பத்தாம் நாள் காலை, வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்கொம்பு ஊதி, ஆட்கள் மலைக்குப் போன பிறகு அவனைத் துடைக்கப் போனேன். பாதம் சில்லிட்டிருந்தது. மூக்கு கூர்மையாகிவிட்டது. எத்தனையோ பேரைப் பார்த்த கண். எனக்குச் சந்தேகமே இல்லை. உச்சி தாண்டாது.

அவள் எங்கே இருந்தாள் தெரியுமா? ஆஸ்பத்திரி முற்றத்தில் நின்று கூப்பிட்டால் காதில் விழும் தூரத்தில். பெண்களின் நிரை நிரையான முக்காடு எனக்குத் தெரிந்தது. டாக்டரையாவிடம் போய்ச் சொன்னேன்.

"நாளைக்குப் பெரிய டாக்டர் பார்வையிட வாறார்" என்றார் அவர். "அவள் இப்ப வந்து நிண்டு குழறினா நாளைக்கு வாட்டில ஒருத்தரும் இருக்கமாட்டினம். பிறகு நானும் இல்லை, நீரும் இல்லை. விளங்குதே?"

"ஐயா, நான் சொல்லு குடுத்துட்டேன்."

"ஆரைக் கேட்டுக் குடுத்தனீர்?"

கை போனவனை மறுபடி மலைக்கு அனுப்பினால் என்ன ஆவேன் என்று நினைத்தேன். அத்தோடு இன்னொன்றும் இருந்தது, அதை மறைக்கக் கூடாது: என் வழி கெட்டுவிடக் கூடாது என்றும் நினைத்தேன். பெரிய டாக்டர் வந்து இருபது கட்டிலும் நிறைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, இது எப்படி என்று கேட்பார் என்றும் நினைத்தேன்.

அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். கண்ணைத் திறக்காமலே கேட்டான். "மச்சான், பாலு வந்துருச்சா?"

"வந்துக்கிட்டே இருக்கு" என்றேன்.

"மெதுவா வரச் சொல்லு. வழுக்கும்" என்றான். அதன்பிறகு பேசவில்லை. நான் தண்ணீரில் துணியை நனைத்து உதட்டில் வைத்தேன். பதினொன்று அடித்துச் சிறிது நேரத்தில் போய்விட்டான்.

துண்டைக் கட்டினேன். தொட்டிலில் கிடத்தினோம். வார்டு வழியே போகையில் வழக்கம்போல ஆரம்பித்தேன். "மச்சான், ஒருவழியா வீட்டுக்குக் கிளம்பிட்டீங்க. இனிமே என் தங்கச்சிதான் உங்களோட மல்லுக்கு நிக்கணும்." கட்டில்களில் சிரித்தார்கள். ஜன்னலுக்கு வந்து நின்றார்கள். அவர்களில் பாதிப் பேர் அவன் லயத்தார்.

வளைவுக்கு இருபது அடி இருக்கும்போது அவள் எதிரே வந்தாள். நிறுவை அன்றைக்குச் சீக்கிரம் முடிந்திருந்தது. ஒரு கையில் ரசம், ஒரு கையில் செம்பு.

தூக்கியவர்கள் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பின்னால் ஜன்னல். வாய் பழகிப்போனதல்லவா, அதுவாகவே சொல்லிற்று: "குணமாயிருச்சு தங்கச்சி. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். தாடைக் கட்டைப் பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால் ஜன்னல்களில் நின்ற முகங்களைப் பார்த்தாள். "சரி, நடங்க" என்றாள், வார்டுக்குக் கேட்கும்படி. "மெதுவா நடங்க. அவருக்கு வலிக்கும்." தொட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள்.

வளைவு தாண்டியதும் இறக்கினோம். அவள் குந்தி உட்கார்ந்து துண்டின் முடிச்சை அவிழ்த்தாள். உதட்டை விரலால் பிரித்துச் செம்பிலிருந்து பாலை ஊற்றினாள். அது உள்ளே போகவில்லை. கடைவாய் வழியாகக் கழுத்துக்கு இறங்கியது. முந்தானையால் துடைத்தாள். மறுபடி ஊற்றினாள். மறுபடி துடைத்தாள். ஒப்பாரி வைப்பாள் என்று காத்திருந்தேன், வைக்கவில்லை. தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"நீங்க பேசிக்கிட்டு வந்தது கீழ் மலை வரைக்கும் கேட்டுச்சுண்ணே. செத்தவரோட அம்புட்டுப் பேச்சுப் பேசுனீங்க. உசிரோட இருந்தவ கூப்பிடு தூரத்துல நின்னேன். எனக்கு ஒரு வார்த்தை இல்லாமப் போச்சா?"

என்னோடு வந்த இரண்டு பேரும் மறுபக்கம் திரும்பிக்கொண்டார்கள். வாய்க்கரிசி போட லயத்துக்குப் போனபோது வாசலில் அவள் தம்பி தடுத்தான். "அக்கா வேண்டாங்குது" என்றான். திரும்பி வந்தேன்.

மறுநாள் பெரிய டாக்டர் வந்தார், கட்டில்களை எண்ணினார், டாக்டரையாவுக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த சாவுக்கு நான் பேசவில்லை. பேச முடியவில்லை. துண்டைக் கட்டி, தொட்டிலைத் தூக்கி, வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். வார்டு முழுதும் அமைதியாகப் பார்த்தது. அன்று பொழுது சாய்வதற்குள் மூன்று பேர் ஓடிவிட்டார்கள். டாக்டரையா என்னைக் கூப்பிட்டு, "உமக்கு வாய் என்ன விலையே? கதைச்சுக்கொண்டு போம்!" என்றார். நாலாம் நாள் இன்னொருவர் செத்தார். கதைத்துக்கொண்டு போனேன். "பாத்துண்ணே, குளிரு காத்து" என்றேன். குரல் முன்னைப் போலவே வந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வளைவு தாண்டும்போது கீழ் மலையைப் பார்த்தேன். கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் நிமிர்ந்து நின்றார்கள். நிரையின் நடுவில் அவள். என் குரல் வந்த திசையில் கையை நீட்டி மற்றவர்களிடம் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று பிறகு கேட்டறிந்தேன். "யாரோ போய்ட்டாங்கடி. ஆஸ்பத்திரிக்காரன் பேசிக்கிட்டுப் போறான் பாரு. உங்க ஆளு யாராவது உள்ள இருந்தா ஓடுங்க."

பார்க்க வருகிறவர்கள் படுத்திருப்பவர்களிடம் சொல்லாமல் மறைத்ததால், வார்டுக்கு மட்டும்தான் அது தெரியாமல் இருந்தது. மலைக்கெல்லாம் தெரிந்துவிட்டது. என் பேச்சுக் கேட்டதும் கொழுந்துக் கூடையைப் போட்டுவிட்டு, உள்ளே ஆள் இருக்கும் பெண்கள் மேலே ஏறி ஓடி வருவார்கள். கணக்கப்பிள்ளை கத்துவார், நிற்க மாட்டார்கள். மூச்சிரைக்க வளைவுக்கு வந்து தொட்டிலுக்குள் எட்டிப் பார்ப்பார்கள். ஒருத்தி அங்கேயே விழுவாள். மற்றவர்கள் தங்கள் ஆள் இல்லை என்று தெரிந்து, அதைக் காட்டிக்கொள்ளாமல் அவளைத் தூக்குவார்கள்.

பதினோரு வருஷம் அந்த வேலை பார்த்தேன். சும்மா போகும்போது, பெரகலக் கடைக்கு உப்பு வாங்கப் போகும்போதுகூட, அந்தப் பாதையில் நான் யாரோடும் பேசுவதில்லை. ஒருமுறை மறந்துபோய், எதிரே வந்த வண்டிக்காரனிடம் மழையைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டேன். கீழே மலையில் நாலைந்து கூடைகள் விழும் சத்தம் கேட்டது.