முட்டியில் மாட்டிய துணி

என் தவறுக்கான பழியை ஒரு பெண்மீது போட்டேன். கும்மிடிப்பூண்டியில் டி-ஷர்ட் தைக்கும் கம்பெனி ஒன்றில் துணி வாங்கும் மேனேஜராக நான் இருந்தபோது நடந்தது.

அவர் துணியைச் சோதிப்பவர். ஒல்லியான உருவம், காதில் செருகிய சாக்பீஸ். எந்தத் துணி வந்தாலும் ஒரு துண்டைத் தன் முட்டியில் இழுத்துக் கட்டிக்கொண்டு, ஒரு டீ குடித்து முடிப்பார். அவிழ்த்ததும் துணி பழையபடி சுருங்க வேண்டும்.

ஒருமுறை புதுத் துணியொன்றைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து அதன் மென்மையில் மயங்கிவிட்டேன்.

"மெத்துனு கீது சார். ஆனா பாருங்க, முட்டி இன்னும் உள்ளயே கீற மாதிரி புடைச்சிக்கினு நிக்குது. இழுத்தா சுருங்குற லைக்ரா நூலு பத்தல," என்றார் அவர்.

"டெக்ஸ்டைல் படிச்சது நீயா, நானா?" என்று கையெழுத்துப் போட்டேன்.

ஒரே துவையலில் டி-ஷர்ட்டெல்லாம் நைட்டியாகிவிட்டது. முதலாளி கேட்டபோது, "செக்கிங்ல பாஸ் பண்ணிட்டாங்க சார்," என்றேன். அந்தப் பெண்ணை நூல் வெட்டும் மேசைக்கு மாற்றிவிட்டார்கள்.

பத்து நாள்தான் தாங்க முடிந்தது. கேன்டீனில் எல்லோர் முன்னிலையிலும் முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். அந்தப் பெண்ணுக்குப் பழைய வேலை திரும்பக் கிடைத்தது. நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"அதெல்லாம் வுடுங்க சார். பேன்ட்ட சுருட்டுங்க."

"எதுக்கும்மா?"

"இன்னாத்துக்கா? இனிமே உங்க முட்டிதான். நீங்களே பாத்துக்கலாம்ல?"

ஓய்வு பெறும்வரை, ஒவ்வொரு புதுத் துணிக்கும் சிவப்போ பச்சையோ ஒரு துண்டை முட்டியில் கட்டிக்கொண்டு கேன்டீன் பெஞ்சில் டீ குடித்தேன். போகிறவர் வருகிறவர் எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்காமல் வந்து அவிழ்த்துப் பார்த்து, "துணி பாஸு சார்," என்பார். என்னைப் பற்றிக் கடைசிவரை ஒன்றும் சொன்னதில்லை.